தி.நகர் மிச்சச் சோறும் வெண்பன்றியின் கரிக்கணக்கும்

டீ வந்துவிட்டது, எடுத்துக்கொள்ளுங்கள். இன்றைக்குப் பேச்சு பன்றியைப் பற்றி. முகம் சுளிக்க வேண்டாம். மயிலாப்பூரிலும் தி.நகரிலும் அடையாறிலும் குடியிருப்பவர்களுக்கு இதில் நேரடிப் பங்கு உண்டு. அந்தப் பங்கைப் பார்க்க இரவு பத்து மணிக்கு மேல் ஏதாவது ஒரு கல்யாண மண்டபத்தின் பின்வாசலுக்குப் போக வேண்டும். பந்தி முடிந்திருக்கும். சாதம், சாம்பார், கூட்டு, யாரோ ஒரு கடி கடித்துவிட்டு வைத்த ஜாங்கிரி எல்லாம் நீல நிற பிளாஸ்டிக் டிரம்மில் கலந்து கிடக்கும். 'குட்டி யானை' என்று சொல்லும் சிறு சரக்கு வண்டி ஒன்று பின்பக்கமாக வந்து நிற்கும். இரண்டு பேர் டிரம்களைத் தூக்கி ஏற்றுவார்கள். வண்டி ஜி.எஸ்.டி. சாலையிலோ பூந்தமல்லி நெடுஞ்சாலையிலோ ஊருக்கு வெளியே போய்விடும். விடியும் நேரத்தில் அந்தச் சாம்பார் சாதம் ஒரு வெண்பன்றிப் பண்ணையின் அண்டாவில் கொதித்துக்கொண்டிருக்கும்.

பெட்ரோல், டீசல், நிலக்கரி எரிப்பதைக் குறையுங்கள் என்று இப்போது எல்லாத் தொழிலையும் கேட்கிறோம். பன்றி வளர்ப்பைக் கேட்டால் என்ன பதில் வரும்? கேட்பவர்களில் பாதிப் பேர் முதலில் விரல் நீட்டுவது அந்தக் குட்டி யானையைத்தான். அதன் புகை கண்ணுக்குத் தெரிகிறது. பண்ணைக்கே போய்ப் பார்த்தவர்கள் குட்டிகளுக்குச் சூடு காட்ட எரியும் பல்பைச் சொல்வார்கள். இரண்டையும் கணக்கில் எழுத வேண்டியதுதான். ஆனால் பெரிய தொகை இருக்கும் இடம் வேறு.

கணக்குப் போடும் முறையை முதலில் சொல்லிவிடுகிறேன். பண்ணையிலிருந்து கரியமில வாயு மட்டும் கிளம்புவதில்லை. அழுகும் சாணத்திலிருந்து மீத்தேன் வருகிறது, உரமிட்ட வயலிலிருந்து நைட்ரஸ் ஆக்சைடு வருகிறது. டாலர், திர்ஹாம், வெள்ளி என்று பல நாட்டுப் பணத்தை ரூபாயாக்கிக் கூட்டுவதுபோல எல்லாவற்றையும் கரியமில வாயுவின் எடைக்கு மாற்றிச் சொல்வார்கள். நூறாண்டுக் கணக்கில் ஒரு கிலோ மீத்தேன் சுமார் 28 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். நைட்ரஸ் ஆக்சைடு ஒரு கிலோ என்றால் 270 கிலோவை ஒட்டி வரும்.

இந்த முறையில் ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு 2013-ல் உலகப் பன்றி வளர்ப்பு முழுவதையும் எடை போட்டது. வந்த தொகை ஆண்டுக்குச் சுமார் 70 கோடி டன். அதில் 60 சதவீதம் தீவனம் விளைவித்து அரைத்துக் கொண்டுவருவதில் போகிறது. 27 சதவீதத்தை ஒட்டிச் சாணத்தைச் சேர்த்து வைப்பதில். பண்ணையில் எரியும் மின்சாரம், பன்றியின் வயிற்றிலிருந்து வரும் வாயு, இறைச்சியைக் குளிரூட்டி ஏற்றிச் செல்வது எல்லாம் மிச்சப் பதின்மூன்று சதவீதத்துக்குள் அடங்கிவிடும். பன்றி அசைபோடும் பிராணி இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள். நம் நாட்டுக் கறவை மாடு ஒன்று ஆண்டுக்கு ஐம்பது கிலோவுக்கு மேல் மீத்தேன் விடும் என்று வைத்துக் கணக்கிடுகிறார்கள். பன்றிக்கு எழுதுவது ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோ.

ஆக, பாதிக்கு மேற்பட்ட கதை தீவன மூட்டைக்குள் இருக்கிறது. மூட்டையைப் பிரித்துப் பாருங்கள். பெரம்பலூர், அரியலூர் பக்கத்து மக்காச்சோளம். மத்தியப் பிரதேசத்திலிருந்தோ மகாராஷ்டிரத்திலிருந்தோ வரும் சோயாப் புண்ணாக்கு. தவிடு, தாது உப்பு. இதே மூட்டைக்குத்தான் நாமக்கல் கோழிகளும் வரிசையில் நிற்கின்றன. மக்காச்சோளம் யூரியா கேட்கும் பயிர். யூரியா எங்கிருந்து வருகிறது? நம் வடசென்னை மணலியிலேயே மெட்ராஸ் ஃபெர்டிலைசர்ஸ் ஆலை இருக்கிறது. காற்றில் உள்ள நைட்ரஜனை ஹைட்ரஜனோடு சேர்த்து அம்மோனியா, அதிலிருந்து யூரியா. அந்த ஹைட்ரஜனுக்குப் பல்லாண்டுகளாக நாஃப்தாவைப் பயன்படுத்தினார்கள். 2019-ல் இயற்கை எரிவாயுவுக்கு மாறினார்கள். எதுவானாலும் பூமிக்கடியிலிருந்து எடுத்த எரிபொருள்தான். அந்த யூரியா வயலில் விழுந்ததும் ஒரு பகுதி பயிருக்குப் போகிறது, ஒரு சிறு பகுதி நைட்ரஸ் ஆக்சைடாகி மேலே போகிறது. பிறகு உழவு டிராக்டர், கதிரடிக்கும் இயந்திரம், தீவன ஆலை, லாரி. ஒரு பன்றி ஒரு கிலோ எடை கூட மூன்று கிலோ தீவனமாவது வேண்டும். நூறு கிலோ பன்றி தின்று தீர்த்தது முந்நூறு கிலோவுக்கு மேல் என்று ஆகிறது.

உலகக் கணக்கில் தென்னமெரிக்காவில் சோயாவுக்காகக் காட்டை அழித்த பாவமும் சேர்ந்திருக்கிறது. நம் மூட்டையில் அந்தப் பங்கு அவ்வளவு இருக்காது. இருந்தாலும் யூரியாவும் டீசலும் நமக்கும் பொதுதான்.

இப்போது மண்டபத்து டிரம்முக்குத் திரும்புவோம். அந்தச் சாதத்துக்கான யூரியா, டீசல், நெல் அரவை, சமையல் எரிவாயு எல்லாம் கல்யாணக் கணக்கில் ஏற்கெனவே எழுதியாகிவிட்டது. பன்றி சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் அது செலவானது செலவானதுதான். அதனால் மிச்சச் சோற்றில் வளரும் பன்றிக்குத் தீவனச் செலவு கிட்டத்தட்டப் பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது. பண்ணைக்காரர் இதைப் பூமியைக் காப்பாற்றுவதற்காகச் செய்யவில்லை. வெண்பன்றி வளர்ப்பில் முக்கால்வாசிச் செலவு தீவனம்தான். விலை கொடுத்து மூட்டை வாங்கினால் கட்டுப்படி ஆகாது என்பதால் ஓட்டல் கழிவைத் தேடி வருகிறார். காரணம் எதுவானாலும் கணக்குக் கணக்குதான்.

குட்டி யானையின் புகையைப் பார்த்துவிடலாம். தி.நகரிலிருந்து செங்கல்பட்டு மாவட்டத்துக் காட்டுப்பாக்கம் பக்கம் போய்த் திரும்ப ஏறத்தாழ எண்பது கிலோமீட்டர். லிட்டருக்குப் பதினாறு என்று வைத்தால் ஐந்து லிட்டர் டீசல். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் 2.7 கிலோ கரியமில வாயு. ஒரு நடைக்குப் பதிமூன்று, பதினான்கு கிலோ. வண்டி ஏற்றிப் போவது 700 கிலோ மிச்சம் என்று கொள்வோம். அதே 700 கிலோ குப்பை லாரியில் ஏறியிருந்தால் என்ன ஆகும்? தி.நகர், அடையாறு வீட்டுக் குப்பை நெடுங்காலமாகப் போய்க்கொண்டிருந்த இடம் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய பெருங்குடிக் கிடங்கு. 2022 ஏப்ரல் கடைசியில் அது தீப்பிடித்து நாள்கணக்கில் புகைந்தது பலருக்கு நினைவிருக்கும். அப்படிப்பட்ட ஆழமான குவியலுக்குள் காற்றில்லாமல் அழுகும் ஒரு கிலோ உணவுக் கழிவு, காலப்போக்கில் சுமார் 40 கிராம் மீத்தேன் தரும் என்பது ஐ.நா.வின் காலநிலைக் குழுவான ஐ.பி.சி.சி.யின் பொதுக் கணக்கிலிருந்து கிடைப்பது. 700 கிலோவுக்கு 28 கிலோ மீத்தேன். கரியமில வாயுவாக்கினால் 780 கிலோ. ஒரு பக்கம் 14, மறுபக்கம் 780. குட்டி யானையைக் குற்றம் சொல்பவர்கள் அதை மின்வண்டியாக மாற்றச் சொல்லலாம், நல்லதுதான். மிச்சமாவது அந்தப் பதினான்குக்குள் தான்.

இதோடு நிறுத்தினால் பண்ணைக்காரருக்குப் பொன்னாடை போர்த்திவிட்டுக் கிளம்பலாம். கணக்கு அவ்வளவு எளிதாக முடிவதில்லை. சோற்றை அப்படியே பன்றிக்குக் கொட்டக் கூடாது.

காரணம் நோய். ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் இந்தியாவுக்குள் 2020-ல் அசாம், அருணாசலப் பிரதேசம் வழியாக வந்தது. 2022 ஜூலையில் கேரளத்து வயநாட்டில், மானந்தவாடிப் பக்கம் தென்பட்டு நூற்றுக்கணக்கான பன்றிகளைக் கொன்று புதைக்க வேண்டியதாயிற்று. அடுத்த சில மாதங்களில் முதுமலைக் காட்டுப்பன்றிகளும் இதே நோயில் செத்தன. மனிதருக்கு இது தொற்றாது. பன்றிக்கு வந்தால் பிழைப்பது அரிது, மருந்து கிடையாது. கிருமி பன்றி இறைச்சித் துண்டுக்குள் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். மயிலாப்பூர் சைவ மெஸ்ஸின் மிச்சத்தில் அந்த ஆபத்து இல்லை என்று நீங்கள் சொல்வீர்கள். சரிதான். ஆனால் டிரம் ஒரே இடத்தில் நிரம்புவதில்லை. வழியில் நாலு ஓட்டலில் நின்று வருகிறது. ஒரு சாசேஜ் துண்டு போதும்.

அதனால் உலக விலங்கு சுகாதார அமைப்பு சொல்லும் விதி: மிச்சச் சோற்றை 90 டிகிரியில் ஒரு மணி நேரம், கிளறிக்கொண்டே கொதிக்க வைக்க வேண்டும். சும்மா சூடு காட்டி இறக்கினால் போதாது. அடியில் கொதித்து நடுவில் வெதுவெதுப்பாக இருந்தால் கிருமி நடுவில் இருக்கும்.

எழுநூறு கிலோ சோறும் சாம்பாரும் முக்கால்வாசி தண்ணீர். 30 டிகிரியிலிருந்து 90-க்குக் கொண்டுபோய் ஒரு மணி நேரம் நிறுத்த, சாதாரண அடுப்பில் பாதிச் சூடு வீணாகும் என்று வைத்தால், ஏறத்தாழ ஒன்பது கிலோ எல்.பி.ஜி. வேண்டும். கடைக்கு வரும் 19 கிலோ சிலிண்டரில் பாதி. அது எரிந்து வெளிவிடுவது 27 கிலோ கரியமில வாயு. பார்த்தீர்களா, எழுபது எண்பது கிலோமீட்டர் ஓடிய வண்டியைவிட இரண்டு பங்கு அடுப்பில் போகிறது. விறகு எரிப்பவர்களும் உண்டு. அது நிலத்தடி எரிபொருள் இல்லைதான், ஆனால் புகையில் நின்று கிளறுபவரின் நுரையீரலையும் கேட்க வேண்டும். ஒரு பன்றிப் பண்ணையில் எரிபொருளைக் குறைக்க முதலில் கைவைக்க வேண்டிய இடம் இந்த அண்டாவின் அடிதான் என்று நான் சொல்வேன்.

அடுப்புக்கு எரிபொருள் பக்கத்திலேயே கிடக்கிறது. 700 கிலோ மிச்சம் ஒரு நூறு பன்றிகளுக்குத் தோராயமாகக் காணும். நூறு பன்றி தினமும் இருநூறு முதல் முந்நூறு கிலோ சாணம் போடும். மாட்டுச் சாணத்தைவிடப் பன்றிச் சாணத்தில் வாயு அதிகம். கிலோவுக்கு அறுபது லிட்டர் என்று பொதுவாக எடுத்துக்கொள்வார்கள். ஆக நாளுக்குப் பன்னிரண்டு முதல் பதினெட்டு கன மீட்டர். ஒரு கன மீட்டர் கோபர் கேஸ் ஏறத்தாழ 0.43 கிலோ எல்.பி.ஜி.க்குச் சமம் என்பது நம் அரசுத் துறைகளின் பழைய வாய்பாடு. பெருக்கினால் ஐந்து முதல் எட்டு கிலோ எல்.பி.ஜி. ஒன்பது வேண்டிய இடத்தில் ஐந்தோ எட்டோ கையில் இருக்கிறது. அண்டாவுக்கு மூடி போட்டு, அடுப்பைச் சுற்றி மண் பூசிச் சூடு போகாமல் செய்தால் மிச்சப் பற்றாக்குறையில் பெரும்பகுதியைச் சரிக்கட்டலாம். சாணம் வீணாகாமல், அடுத்த நாள் சோற்றைக் காய்ச்சும்.

சாணத்தை இப்படிக் கவனிக்க இன்னொரு காரணமும் உண்டு. அது சென்னைக்கே உரிய காரணம். சாணத்தைத் தண்ணீர் அடித்துக் கழுவிக் குட்டையில் தேக்கினால் அதற்குள் காற்றுப் போகாது, மீத்தேன் கிளம்பும். எவ்வளவு கிளம்பும் என்பது வெப்பத்தைப் பொறுத்தது. குளிர் நாடுகளில், பத்து டிகிரியில், வரக்கூடிய மீத்தேனில் 17 சதவீதம் வரும் என்று ஐ.பி.சி.சி.யின் 2006-ஆம் ஆண்டு வழிகாட்டி எழுதியது. 28 டிகிரிக்கு மேல் 80 சதவீதம். நம் ஊரின் ஆண்டுச் சராசரி அந்த 28-ஐ ஒட்டித்தான். அதாவது டென்மார்க் பண்ணைக்காரர் செய்தால் சிறு பிழையாக இருப்பது, சென்னைக்கு வெளியே அதே குட்டையில் பெரிய பிழை. சாணத்தைத் துடைப்பத்தால் கூட்டி அள்ளி, திடமாகக் குவித்தால் இதே வெயிலில் அது 5 சதவீதம்தான். குவியலில் கொஞ்சம் நைட்ரஸ் ஆக்சைடு வரும், ஆனாலும் லாபம் அங்கேதான். ஆகையால் கழுவும் குழாயைத் திறப்பதற்கு முன் மண்வெட்டி. இதற்குக் காசும் வேண்டாம், மானியமும் வேண்டாம். காலையில் ஓர் ஆள் அரை மணி நேரம் குனிய வேண்டும், அவ்வளவுதான்.

கோபர் கேஸ் கலத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. ஓட்டைக் கலம், கலமே இல்லாததைவிட மோசம். மூடியில் விரிசல் விட்டு மீத்தேன் கசிந்தால், நாமே முனைந்து மீத்தேன் தயாரித்து வானத்துக்கு அனுப்பியதாக ஆகும். கட்டிக் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டு போனபின் கேட்பாரற்றுக் கிடக்கும் கலங்களைத் தமிழ்நாட்டுக் கிராமங்களில் நிறையப் பார்க்கலாம்.

பல்பு விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிறந்த குட்டிக்கு 32 டிகிரியாவது வேண்டும். 250 வாட் பல்பை நாள் முழுக்க எரித்தால் ஆறு யூனிட். நம் மின்கட்டமைப்பில் யூனிட்டுக்கு 0.7 கிலோ என்று வைத்தால் நாலு கிலோ கரியமில வாயு. ஐரோப்பாவில் இது பெரிய தொல்லை. இங்கே சித்திரையில் பல்பே வேண்டாம். மார்கழி இரவிலும் ஐப்பசி மழையிலும் எரித்தால் போதும். வைக்கோல் பரப்பிய பெட்டியும் உதவும். நம் ஊரில் தாய்ப்பன்றிக்குத்தான் அவஸ்தை. வியர்த்துக் குளிரும் வசதி அதன் உடம்பில் இல்லை. தகரக் கூரையை விட்டுக் கீற்று வேய்ந்து, மதியம் தண்ணீர் தெளித்தால் மின்விசிறி ஓடுவது குறையும்.

காட்டுப்பாக்கத்தைப் பெயர் சொன்னேனே, அது சும்மா இல்லை. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சிப் பண்ணை அங்கேதான். வெண்பன்றி வளர்ப்புப் பயிற்சிக்கு ஆட்கள் போவதும் அங்கேதான். முக்கால் பங்கு லார்ஜ் ஒயிட் யார்க்‌ஷயர், கால் பங்கு நாட்டுப் பன்றி ரத்தம் கொண்ட டானுவாஸ் கே.பி.எம். கோல்டு என்ற ரகத்தை அவர்கள்தான் உருவாக்கினார்கள். சுத்தச் சீமை இனம் குளுகுளு கொட்டகையும் மூட்டைத் தீவனமும் கேட்கும். நாட்டு ரத்தம் கலந்தது வெயிலையும் மிச்சச் சோற்றையும் தாங்கும். கரியமில வாயுவைக் குறைக்கும் இயந்திரம் என்று அதை யாரும் விளம்பரப்படுத்துவதில்லை. வேலை அதுதான்.

இங்கே விவரம் தெரிந்தவர் ஒருவர் குறுக்கிடுவார். "மாநகராட்சி சேத்துப்பட்டில் உணவுக் கழிவிலிருந்து வாகன எரிவாயு எடுக்க ஆலை வைத்திருக்கிறதே, நாளுக்கு நூறு டன் கொள்ளளவு. சோற்றை நேரே அங்கே அனுப்பினால் என்ன?" நியாயமான கேள்வி. கோயம்பேடு சந்தைக் கழிவிலும் முன்பே தினம் 30 டன் கணக்கில் வாயு எடுத்துப் பார்த்த ஊர் இது. கணக்கு இப்படி வரும். 700 கிலோ சோற்றிலிருந்து எழுபது கன மீட்டர் வாயு எடுத்தால் முப்பது கிலோ எல்.பி.ஜி. மிச்சம், தொண்ணூறு கிலோ கரியமில வாயு தவிர்க்கப்படும். அதே சோறு பன்றிக்குப் போனால் 150 கிலோ அளவுக்கு உலர் தீவனம் மிச்சம். தீவனத்துக்குக் கிலோவுக்கு அரைக் கிலோ கரியமில வாயு என்று குறைத்தே வைத்தாலும் 75 கிலோ. அதில் அடுப்புக்கு எல்.பி.ஜி. எரித்தால் 27 கழிந்துபோய் 48. வாயு ஆலைதான் ஜெயிக்கிறது. சாணத்திலேயே அடுப்பெரித்தால் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வந்துவிடும். இறைச்சி உபரியாகக் கிடைத்தது என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம். ஆக, மிச்சச் சோற்றுப் பன்றி நல்லதா கெட்டதா என்பதைத் தீர்மானிப்பது அண்டாவின் அடியில் எரிவது எது என்பதுதான். இறைச்சி கலந்த, பிரிக்க முடியாத கழிவு நேரே வாயு ஆலைக்கே போகட்டும் என்பது என் கட்சி. சைவப் பந்தியின் சுத்தமான மிச்சம் பண்ணைக்குப் போகலாம். இரண்டுக்கும் முன்னால், கை படாத சோறு மனிதருக்குப் போக வேண்டும். 2014-ல் கோவையில் தொடங்கிய நோ ஃபுட் வேஸ்ட் போன்ற அமைப்புகள் அதற்கு இருக்கின்றன.

பிரிட்டனின் அனுபவம் இரண்டு பக்கமும் பாடம் சொல்கிறது. 2001-ல் நார்தம்பர்லாந்தில் ஒரு பண்ணை சரியாகக் காய்ச்சாத மிச்சத்தைப் போட்டதிலிருந்து கோமாரி பரவி, நாடெங்கும் அறுபது லட்சத்துக்கு மேல் ஆடுமாடு பன்றிகளைக் கொன்றார்கள். அந்த ஆண்டே மிச்சச் சோறு போடுவதைத் தடை செய்தார்கள். அடுத்து ஐரோப்பிய ஒன்றியமும் தடை செய்தது. 2016-ல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் கணக்குப் போட்டு, ஜப்பானையும் தென்கொரியாவையும் போல முறையாகக் காய்ச்சிப் போட அனுமதித்தால் ஐரோப்பியப் பன்றி வளர்ப்புக்கு வேண்டிய நிலத்தில் ஐந்தில் ஒரு பங்கு மிச்சமாகும் என்றார்கள். தடை அப்படியே இருக்கிறது. ஜப்பானில் பண்ணைக்குப் பண்ணை அண்டா வைக்காமல், ஆலையில் ஒரே இடத்தில் சூடாக்கிப் புளிக்கவைத்துக் கூழாகப் பண்ணைகளுக்கு லாரியில் அனுப்புகிறார்கள். சென்னைக்குத் தெற்கே பத்துப் பண்ணைகள் சேர்ந்து ஒரு பொதுக் கொதிகலன் வைத்துக்கொண்டால், வெப்பமானியைப் பார்க்க ஓர் ஆளும் கிடைப்பார், எரிபொருளும் குறையும். கால்நடைத் துறை நினைத்தால் ஆகக்கூடிய காரியம்.

நீங்கள் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. நாளுக்கு நூறு கிலோவுக்கு மேல் குப்பை சேரும் இடங்கள், மண்டபமும் ஓட்டலும் உள்பட, அதைத் தரம் பிரித்து உரிய வழியில் அகற்ற வேண்டும் என்பது திடக்கழிவு விதி. அடுத்த கல்யாணத்துக்கு மண்டபம் பேசும்போது மேனேஜரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: மிச்சம் எங்கே போகிறது, எடுத்துப் போகிறவர் காய்ச்சித்தான் போடுகிறாரா. பந்தியில் உட்கார்ந்தால் தண்ணீர் பாட்டில் மூடி, ஐஸ்கிரீம் கப், பல்குத்தும் குச்சி எதையும் இலையில் போட்டு மடிக்காதீர்கள். டிரம்மில் விழுந்த பிளாஸ்டிக்கை ராத்திரி பன்னிரண்டு மணிக்கு வெறுங்கையால் துழாவி எடுப்பது ஒரு மனிதர்.